மாமா தூக்கிய கை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

நீயும் மருமகளும் பேத்தியும் எந்தக் குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சுகமா என்று கேட்டால் முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் நான் பார்க்காதபோது மட்டும் ஏறுகிறார். உன் தங்கை கார் ஓட்டப் பழகுகிறேன் என்று வாசல் கேட்டை இடித்து வளைத்துவிட்டாள், கேட்டால் கேட்தான் குறுக்கே வந்ததாம். முன்னறையில் நாற்காலி போட இடமில்லை, சோள மூட்டை கூரைவரை அடுக்கிக் கிடக்கிறது, டிவி பார்க்க வேண்டுமானால் மூட்டைமேல் ஏறி உட்கார வேண்டும். ஏன் இன்னும் விற்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், நீயும் மீட்டிங் இருக்கிறது என்பாய்.

மக்காச்சோளத்துக்குக் குறைந்தபட்ச விலை என்று சட்டம் வந்த அன்று நம் தெருவே தலைகால் புரியாமல் ஆடியது, நான்கூட டிராக்டர்காரரில் தொடங்கி எதிரே வந்தவருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். நீ மட்டும் போனில் உம்மென்று இருந்தாய். தீவனக் கம்பெனிக்குச் சோளம் வாங்கிப்போடுகிறவனுக்கு நாங்கள் நல்ல விலைக்கு விற்றால் வயிற்றெரிச்சல் என்று உன்னைக் கேலி செய்தேன். இதுக்குக் கீழ வாங்கக் கூடாதுன்னுதாம்மா சட்டம் சொல்லுது, வாங்கியே ஆகணும்னு யாருக்கும் சொல்லல, விக்காததை அரசாங்கம் எடுத்துக்கிட்டாத்தான் அந்த விலை நிக்கும் என்று நீ சொன்னாய். சொன்னபடியேதான் நடந்தது, ஒத்துக்கொள்கிறேன். அறுவடை முடிந்து மூட்டையோடு போனால் மண்டிக்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அந்த விலைக்கு வாங்கினா எனக்குக் கட்டாதுக்கா, அதுக்குக் கீழ வாங்கினா ஜெயிலு, அதனால வாங்கவே இல்ல என்கிறார். கப்பலில் வருகிற சோளம் இதைவிட மலிவு என்று நீயே சொல்லியிருக்கிறாய், அதனால் அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆனால் பின்பக்கக் கதவு திறந்துதான் இருந்தது. சட்டம் சொன்ன விலையைப் பில்லில் எழுதி அப்படியே பேங்கில் போட்டுவிடுவார், மறுநாள் நாம் அதில் ஒரு பங்கை ரொக்கமாக எடுத்துப்போய் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஊருக்கு முழு விலை, நமக்குப் பழைய விலை.

அதனால்தான் பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் கூடி, ஒரு மூட்டைகூடப் பின்பக்கமாகப் போகக் கூடாது, மண்டியில் வாங்கவே ஆளில்லை என்று தெரிந்தால்தான் அரசாங்கம் இங்கே கொள்முதல் நிலையம் திறக்கும் என்று பேசி முடித்தோம். அந்தப் பேச்சை முதலில் எடுத்ததே உன் மாமாதான். தொண்டை கட்டும்வரை கத்தினான், நான் வித்தா எங்கக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன் என்று கேட்டான். பெருமை தாங்காமல் நானும் எழுந்து, என் தம்பி சொன்னா சொன்னதுதான், அதுக்கு நான் பொறுப்பு என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன், பைத்தியக்காரி.

போன வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். எடை மேடைக்குப் பக்கத்தில் எங்களை நிற்கவைத்து, சட்ட விலைக்கு யாராவது விற்றீர்களா, ஒருவருக்குக் கிடைத்திருந்தாலும் மண்டி வாங்குகிறது என்றுதான் அர்த்தம், நிலையத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். யாரும் வாய் திறக்கவில்லை, நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அப்போது ஓரத்தில் ஒரு கை மேலே போனது. உன் கல்யாணத்துக்கு என் தம்பிக்கு நான் எடுத்துக் கொடுத்த வாட்சைக் கட்டியிருந்ததால் முகத்தைப் பார்க்குமுன்பே யார் என்று தெரிந்துவிட்டது. எனக்கு முழு விலை கிடைச்சுது சார் என்றான். அதிகாரி குறித்துக்கொண்டு கார் ஏறிப் போனார். என்னோடு நின்றவர்கள் யாரும் அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

நேரே அவன் வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். மூட்டைகளில் பாதியை ஏற்கெனவே பின்பக்கமாக விற்றுவிட்டானாம், மீதியையும் எடுக்க வேண்டுமானால் அதிகாரி முன்னால் கை தூக்கு என்று மண்டிக்காரர் சொன்னாராம், வீட்டுச் செலவு கழுத்தை நெரிக்கிறதாம். அதைக்கூட எப்படியாவது பொறுத்திருப்பேன். நான் விடாமல் திட்டவும் அவனுக்கும் ரோஷம் வந்து, என்னை மட்டும் ஏன் கேக்குற, அரசாங்கம் வரும்னு காத்திருந்தா வண்டு விழுந்துடும், குடுத்ததை வாங்கிக்கிட்டு வித்துடு மாமான்னு நாம மைதானத்துல கூடுறதுக்கு முன்னாடியே சொன்னது உன் மகன்தான், போய் அவனைக் கேளு என்று கத்தினான். உள்ளேயிருந்து உன் அத்தை ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினாள், அதிலேயே அது பொய்யில்லை என்று தெரிந்துவிட்டது. எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

கை தூக்கச் சொன்னது நீ இல்லை, அது எனக்குத் தெரியும். மாமா கஷ்டப்படுகிறாரே என்று சொல்லியிருப்பாய், சந்தை எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியாததா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னோடும் பேசினாயே. மூட்டை பத்திரமா என்று கேட்டாய், பத்திரம்ப்பா, யாரும் விற்கவில்லை என்று நான் சொன்னதும் சரிம்மா என்றாய். அந்த சரிம்மாவுக்கு என்ன அர்த்தம்? அம்மா பிடிவாதக்காரி, சொன்னால் கேட்கமாட்டாள் என்று நினைத்திருப்பாய். கேட்டிருக்கமாட்டேன்தான், கத்தியிருப்பேன், உன்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அவனுக்கு நான் பொறுப்பு என்று ஊர் முன்னால் வாய்விட்டிருக்கமாட்டேன். தம்பி என்னை ஏமாற்றினான் என்று ஊருக்குச் சொல்லிவிடலாம், நீ செய்ததை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்.

மறு விசாரணை கேட்டு நாங்கள் மனு கொடுத்தாயிற்று, திங்கட்கிழமை அதிகாரி திரும்ப வருகிறார். முழு விலை கிடைக்கவில்லை, ஒரு பங்கு மண்டிக்கே திரும்பிப் போனது என்று யாராவது எழுந்து சொன்னால்தான் நிலையம் வரும், இல்லாவிட்டால் தெருவில் உள்ள அத்தனை மூட்டையும் பின்பக்கக் கதவுக்குத்தான் போகும். உன் மாமா சொல்லமாட்டான், அதனால் நான் சொல்லப்போகிறேன். என் தம்பி பொய் சொன்னான் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். அப்பா வேண்டாம் என்கிறார், அதற்கப்புறம் அவன் நம் வீட்டுப் படி மிதிக்கமாட்டான் என்கிறார். மிதிக்காவிட்டால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன், ஆனாலும் இன்று காலையில் அவன் பேப்பர் படிக்க வருகிற நேரத்துக்கு என்னையறியாமல் போய் அந்த வளைந்த கேட்டை இழுத்துத் திறந்துவைத்தேன். அவன் வரவில்லை. யார் பேச்சைக் கேட்டு விற்றான் என்று அதிகாரி கேட்டால் உன்னைப் பற்றி மூச்சு விடமாட்டேன், பயப்படாதே, கம்பெனியில் உனக்குக் கெட்ட பெயர் வர வேண்டாம்.

சட்டம் வந்ததிலிருந்து குறைந்தபட்சம், குறைந்தபட்சம் என்று இங்கே எல்லோர் வாயிலும் அதே பேச்சுதான், நானும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்சம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நோய்நொடி இல்லாமல் மூன்று பேரும் நன்றாக இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, அதில் எந்தக் குறையும் வராது. பேத்திக்கு என் முத்தம். அவளுக்குக் கொடுக்கிற இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே. ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல் போன் செய், எடுப்பேன். மூட்டை பத்திரமா என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா