ஒற்றைக் குரலில் ஒரு வியட்நாம் படம்

அக்கா,

மைக்கின் தலையில் மாட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சில் இன்னும் உங்கள் தைல வாசனை இருக்கிறது. நேற்று சனிக்கிழமை மத்தியானம், வெஸ்ட்கேட் ஹாலில் படம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அதை வாயருகே கொண்டுபோனேன். நெடி மூக்கில் ஏறியது, தொண்டை அடைத்துக்கொண்டது. "இப்பவா? மனுஷியைப் படுத்தாதீங்கக்கா" என்று மனதுக்குள் திட்டினேன். திட்டியதும் தொண்டை திறந்தது. உங்களைத் திட்டினால் எனக்கு எப்போதும் தெம்பு வரும்.

நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பாதியில் வைத்துவிட்டுப் போன வேலை; எப்படி முடிந்தது என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

எல்லாம் வியட்நாம்காரி லானின் ரொட்டிக்கடையில் தொடங்கியது. பாட்டனி டவுன்ஸில் நாம் இருவரும் திரைச்சீலை விற்ற காலம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம்தான் விடுவார்கள். நீங்கள் என்னை இழுத்துக்கொண்டு அவள் கடைக்கு ஓடுவீர்கள். "வாரும், பாண் ஆறப்போகுது." கொத்தமல்லித் தழையும் ஊறுகாய்க் கேரட்டும் வைத்த அந்த ரொட்டியை, உங்கள் பாணை, கடித்தபடி, கல்லாவுக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும் வியட்நாம் படத்தை அண்ணாந்து பார்ப்போம். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் மாமியார் யார், மருமகள் யார் என்று நான் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவேன். அதற்கெல்லாம் மொழி வேண்டுமா என்ன?

ஒருநாள் நான் கேட்டேன், ஞாபகமிருக்கிறதா? "ஏன்க்கா, அந்த ஊர்லயே இருக்கறவங்க எடுத்த படத்துல எல்லாரும் கத்துறாங்க, வெளிநாட்டுல இருந்து போய் எடுக்கிற படத்துல ஒருத்தரும் வாயே திறக்க மாட்டேங்குறாங்க?" லான் விழுந்து விழுந்து சிரித்தாள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஊருக்குப் படமெடுக்கப் போனால் மழையையும் மின்விசிறியையும்தான் மணிக்கணக்காகக் காட்டுவார்கள், ஊரில் இருப்பவர்கள் மின்விசிறியை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்றாள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "விட்டுட்டு வந்தவைக்கு ஊர் அமைதியாத்தான் தெரியும். அங்கயே இருக்கிறவைக்குத்தான் சந்தைச் சத்தம் கேக்கும்" என்றீர்கள். எனக்கு அன்று அது முழுதாக விளங்கவில்லை. வருடா வருடம் திருச்சிக்குப் போய் வருகிறவள் நான்.

லான்தான் அந்த வழக்கத்தைப் பற்றிச் சொன்னாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, அவள் ஊரில் வெளிநாட்டுப் படம் போட்டால் புரொஜக்டருக்குப் பக்கத்தில் ஒருவர் மைக்கோடு உட்கார்ந்திருப்பாராம். கதாநாயகன், கதாநாயகி, குழந்தை, போலீஸ், கிழவி, எல்லோருடைய வசனத்தையும் அந்த ஒரே குரல்தான் வாசிக்கும். நடிக்காமல், ஏற்ற இறக்கம் இல்லாமல். அடியில் நடிகர்களின் சொந்தக் குரலும் கேட்டுக்கொண்டே இருக்கும். இதைக் கேட்டதும் உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தே, ஏதோ வேலை வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமைகளில் சங்கத்தில் போடும் படம் பார்க்க ஹாலுக்கு வரும் நம் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் எழுத்து ஓடுகிற ஓட்டத்தில் படிக்க வராது. "நாங்கள் வாசிச்சுக் காட்டினால் என்ன?" என்றீர்கள்.

லானின் கடையில் ஓடும் படம் ஒன்றை வைத்துச் செய்த முதல் ஒத்திகையில் நான் அடித்த கூத்து! என்னிடம் மைக்கைக் கொடுத்தது உங்கள் தப்பு. கதாநாயகி அழுதாள், நானும் விசும்பினேன். வில்லன் உறுமினான், நானும் உறுமினேன். திருச்சியில் பள்ளி ஆண்டுவிழாவில் கண்ணகி வேஷம் கட்டியவள் சும்மா இருப்பாளா? லான் காதைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் எழுந்து வந்து மைக்கை அணைத்தீர்கள்.

"அழுகிறது அவையின்ரை வேலை. நாங்கள் சொல்லிப்போட்டு விலகி நிக்கவேணும்."

எனக்கு வந்ததே கோபம். இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீங்களே பாண் வாங்கி வந்து என் மேசையில் வைத்தீர்கள்.

நேற்றுப் போட்டது லானின் அக்கா மகள் எடுத்த படம். அந்தப் பெண் பிறந்ததே சிட்னியில். வியட்நாமில் தன் அம்மா பிறந்த ஆற்றங்கரை ஊருக்குப் போய் எடுத்திருக்கிறாள். கதை சின்னதுதான்: ஒரு தாய் பிள்ளைகளில் ஒருத்தியை மட்டும் படகில் அனுப்பிவிடுகிறாள், முப்பது வருடம் கழித்து அவள் வெளிநாட்டுக்காரியாகத் திரும்பி வருகிறாள். லான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, நீங்கள் அதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுத ஐந்து மாதம் எடுத்தீர்கள். இதை நம் சனங்கள் கேட்காமல் விடமாட்டேன் என்று லானின் கையில் அடித்துச் சொன்னீர்கள். குளிர் தொடங்கியதும் ஆஸ்பத்திரி. பிறகு நோட்டு இருந்தது, நீங்கள் இல்லை.

கடைசிக் காட்சியை மட்டும் ஒத்திகையில் நீங்கள் ஒருமுறைகூட வாசிக்கவில்லை. மகள் தாயிடம் கேட்கிறாள்: "ஏனம்மா என்னை மட்டும் அனுப்பினனீங்கள்?" அங்கே வந்ததும் மைக்கை அணைத்துவிடுவீர்கள். "அதைப் படம் போடுற அண்டைக்குப் பாப்பம்." ஏன் என்று ஒருநாள் நான் விடாமல் நச்சரித்தபோதுதான் சொன்னீர்கள். "என்னை அனுப்பினதும் என்ரை அம்மாதான். அவ சாகுமட்டும் போனில ஒரே கேள்விதான் கேட்டவ, சாப்பிட்டனியே எண்டு. நான் கேக்க நினைச்சதை ஒருக்காலும் கேக்கேல்லை." அத்தோடு திரைச்சீலைத் துணியை மடிக்கத் தொடங்கிவிட்டீர்கள். நானும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

போன மாதம் தமிழ்ச் சங்கத் தலைவரிடம் தேதி கேட்கப் போனேன். கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர்தான், வாய் மட்டும் கொஞ்சம் முந்திக்கொள்ளும். "யாரும்மா வியட்நாம் படம் பாப்பாங்க? காமெடி ஏதாவது போட்டா சிரிச்சிட்டுப் போவாங்க" என்றார். நான் அசையவில்லை. "சரி, போட்டே ஆகணும்னா வசனத்தை நம்ம பேச்சுக்கு மாத்திடுங்க. சிலோன் தமிழ் பாதிப் பேருக்குப் புரியாது."

"பாஷையே தெரியாத ஊர்ப் படத்தைப் போடப்போறேன். யாழ்ப்பாணத் தமிழ்தான் புரியாம போயிடுமா? ஒரு எழுத்தை மாத்த மாட்டேன். அக்கா எழுதினது எழுதினதுதான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வெளியே கேரம் விளையாடியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தேதி கிடைத்தது.

உங்கள் மகள் நோட்டைத் தருவதற்கு யோசிக்கவே இல்லை. ஆனால் தன் எல்லர்ஸ்லி ஆபீஸ் வாசலில் என் கையில் கொடுக்கும்போதே, "ஆன்ட்டி, ஜஸ்ட் யூஸ் த சப்டைட்டில்ஸ்" என்றாள். அவள் உங்களுக்குத் தமிழில் பதில் சொல்வதில்லை என்பது உங்களுக்கு இருந்த ஒரே குறை, எனக்குத் தெரியும். "சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஆள் இல்லை, நீ வா" என்றேன். ஆள் இருந்தது. பொய்தான் சொன்னேன்.

வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வாசிக்கும்போது படத்தின் ஒலியைக் குறைத்து, நிறுத்தும்போது ஏற்றினாள். ஹாலில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. பின்வரிசையில் லான் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தாள். உங்கள் தமிழை என் திருச்சி நாக்கால் வாசித்தேன். முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆற்றில் படகு போனபோது சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசிக் காட்சி வந்தது. நோட்டில் அந்தப் பக்கம் மட்டும் கசங்கியிருந்தது.

"ஏனம்மா என்னை மட்டும் அனுப்பினனீங்கள்?"

திரையில் தாய் அடுப்பைப் பார்த்தாள், மழையைப் பார்த்தாள். ஆமாக்கா, மழைதான், மணிக்கணக்காக. அப்புறம் திரும்பினாள். அக்கா, சாமி சத்தியமாகச் சொல்கிறேன், குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. நீங்கள் எழுதியபடியே வாசித்தேன்.

"பிள்ளை, சாப்பிட்டனியே?"

"ஓம் அம்மா."

படத்தில் அந்த மகள் இன்னும் வாய் திறக்கவில்லை. சொன்னது என் பக்கத்திலிருந்து. உங்கள் மகள் திரையைப் பார்த்தபடி சொன்னாள். சொன்னது அவளுக்கே தெரியுமோ தெரியாது. கை மட்டும் ஒலிக் குமிழை விடவில்லை. எனக்கு நோட்டில் படத்து மகளின் பதில் காத்திருந்தது. வாசித்தேன். "இல்லையம்மா, இனித்தான்." கடைசிவரை வாசித்தேன்.

விளக்குப் போட்டதும் லான் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நடிகையின் குரல் நன்றாகக் கேட்டது என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு பார்க்கிங்கில், காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கண்ணகி வேஷம் கட்டியதற்கெல்லாம் சேர்த்து வைத்து அழுதேன். சொல்லி முடித்தாயிற்று, விலகியும் நின்றாயிற்று, அப்புறம் அழக்கூடாது என்று நீங்கள் எங்கே சொன்னீர்கள்?

பஞ்சில் வாசனை மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் இன்று காலை அதே தைலம் ஒரு புட்டி வாங்கினேன். இனி மைக் முன்னால் உட்காரும்போதெல்லாம் உங்களைப்போலத் தொண்டையில் தடவிக்கொள்வேன். வாங்கிவிட்டு வெளியே வந்தபோது உங்கள் மகளிடமிருந்து போன். எடுத்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஆன்ட்டி, சாப்பிட்டனீங்களே?"