கிளவுஸில் தூவிய பவுடர்

என் உயிரான எஸ்தர் அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்லாத ஒன்று எனக்குள் கிடந்து குடைகிறது. கர்த்தரிடம் சொல்லிப் பார்த்தேன். மனசு அடங்கவில்லை.

அப்பெண்டிஸ் வெடித்து உன்னை விருதுநகரில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்களே, அன்று ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் நான்தான். பெரிய டாக்டர் போட்டுக்கொண்ட கிளவுஸுக்குப் பவுடர் தூவியது என் கை. சுலபமாக மாட்ட வரட்டும் என்று தாராளமாகவே தூவுவேன். நீ பிழைத்தாய். மறுமாதமே ஆமத்தூர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாய்.

ஒன்றரை வருஷம் கழித்து, வயிற்றுவலி என்று ஆள் அனுப்பினாய். "வாயுவா இருக்கும், ஓமத்தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பினேன். நர்ஸ் சொன்னால் யார் மீறுவார்கள்? இரண்டு நாள் நீ வாந்தி எடுத்த பிறகுதான் அத்தான் உன்னை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். வயிற்றைத் திறந்தபோது பக்கத்தில் நின்றேன். பழைய தழும்பின் உட்புறத்தில் குடல் ஒட்டி, முறுக்கி, கறுத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் நீ இல்லை.

பிறகு ஒரு டாக்டரம்மா புதிதாக வந்தார். கிளவுஸ் பவுடர் வயிற்றுக்குள் உதிர்ந்தாலும் குடல் இப்படி ஒட்டலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அவர் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"அப்ப எங்க அக்காவுக்கு?"

"சீழ் வச்ச வயிறு தானாவே ஒட்டும் சிஸ்டர். பவுடராலதான்னு யாரும் சொல்ல முடியாது."

இல்லை என்றும் அவர் சொல்லவில்லையே, அக்கா.

போன மாசியில், தாயில்பட்டியில் வெடி கம்பெனியில் வேலை செய்யும் பேச்சியம்மாளுக்கு வயிற்றில் கட்டி. பெரிய டாக்டர் கிளவுஸ் மாட்டிக் கத்திக்குக் கை நீட்டினார். நான் கத்தியைக் கொடுக்கவில்லை. கொதிக்கவைத்து ஆற்றிய உப்புத்தண்ணீர்ப் பேசினை நீட்டினேன்.

"கிளவுஸக் கழுவிக்கிடுங்க ஐயா."

"நீ எனக்குச் சொல்லிக்குடுக்கியா?"

"இல்லய்யா. எங்க அக்காவுக்கு நீங்க கை வச்சப்ப, அந்தக் கிளவுஸுக்குப் பவுடர் போட்டது நான்தான்."

அவர் என்னையே பார்த்தார். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் இரண்டு கைகளையும் பேசினில் முக்கினார். தண்ணீர் பால்போல் வெளுத்தது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மறுநாளே பேச்சியம்மாளை எழுப்பி நடக்க வைத்தேன். "கீறுன வயித்தோட நடக்கச் சொல்லுதீகளே, நெஞ்சில ஈரம் இருக்கா?" என்று அவள் மாமியார் சண்டைக்கு வந்தார். "குடல் அசையணும்த்தா" என்று கெஞ்சினேன். வீட்டுக்குப் போகும்போது சொல்லி அனுப்பினேன்: "வயிறு உப்பி, வாந்தி வந்து, காத்துப் பிரியலைன்னா கஷாயம் வச்சுப் பாக்காதீக. ஓடி வாங்க."

நாலு மாதம் கழித்து வந்தாள், அக்கா. காலையில் வலி கண்டதும், லோடு ஏற்ற நின்ற லாரிக்காரரிடம் மன்றாடி ஏறி, மத்தியானத்துக்குள் வந்துவிட்டாள். அவளுக்கும் குடல் ஒட்டித்தான் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. மூக்குவழிக் குழாய் விட்டு, குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு நாள் பக்கத்திலேயே இருந்தோம். கத்தி வைக்காமலே குடல் வழிவிட்டது. சிரித்துக்கொண்டு போனாள்.

அப்படியென்றால் கழுவியும் பயனில்லையா? கழுவாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்குமா? உனக்கும் நான் 'ஓடி வா' என்று மட்டும் சொல்லியிருந்தால்? யாரைக் கேட்பேன்?

பதில் தெரியாமலே இனி என் வேலையைப் பார்க்கிறேன். நான் தியேட்டரில் நிற்கும்வரை கழுவாத கிளவுஸ் ஒரு வயிற்றையும் தொடாது. வலி என்று வருகிற ஒருத்தியையும் பார்க்காமல் திருப்பி அனுப்பமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த தங்கச்சி,
கிரேஸ்