பைக்கில் ஒரு கீறல்கூட இல்லை, தேவா

எங்கள் வயிற்றெரிச்சலுக்கும் பிரியத்துக்கும் உரிய தேவா,

என் முகம் உனக்குத் தெரியும், பேர் தெரியாது. பிள்ளைப்பாக்கம் டீம் ஆடும்போதெல்லாம் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று உன்னைத் திட்டுகிற பொம்பளை நான்தான். செல்வி. எங்கள் கீப்பர் மோகனின் சம்சாரம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பிளாஸ்டிக் பார்ட்ஸ் செக்கிங் பார்க்கிறேன். கீறல், பிசிறு, கலர் மாற்றம் எதுவும் கண்ணுக்குத் தப்பக் கூடாது. அதனாலோ என்னவோ, எதையும் லேசில் நம்பாத புத்தி எனக்கு.

உன்னையும் நாங்கள் நம்பியதே இல்லை. இருங்காட்டுக்கோட்டை டீமின் மஞ்சள் ஜெர்சியில் நீ பந்தோடு உள்ளே வந்தாலே எங்கள் ஆட்கள் கத்த ஆரம்பித்துவிடுவார்கள். "நடிக்கிறான்பா, ரெஃப்ரி நம்பாத!" ஒருமுறை நீ விழுந்த இடத்திலிருந்து எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாய்: "அக்கா, இந்த வாட்டி நெஜமாவே வலிக்குதுக்கா." நான் அதையும் நம்பவில்லை.

மோகனுக்குத் தோள் இறங்கிய அன்றைக்கும் அப்படித்தான். நீயும் அவரும் மோதி விழுந்தீர்கள். பந்து உன் காலடியில். கோல் காலியாகக் கிடக்கிறது. நீ அடிக்கவில்லை. பந்தை வெளியே தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் மண்டியிட்டு, "அண்ணே, கைய அசைக்காத"ன்னு உட்கார்ந்துகொண்டாய். எங்கள் பக்கத்தில் ஒருத்தன், "இதுல இன்னா பிளான் வச்சிக்கிறானோ"ன்னான். அன்றிலிருந்து மோகன் மட்டும் உன்னைத் திட்ட விடமாட்டார். எனக்குத் தடை போட முடியாது, அது வேறு விஷயம்.

இதை ஊரறிய எழுதக் காரணம், நாளைக்கு யாராவது கதையை மாற்றிச் சொன்னால் நீ பேச வரமாட்டாய் என்பதுதான்.

நீ போன சேதி மத்தியானம் வந்தது. சித்திரை வெயில். வேலை செய்யும் இடத்திலிருந்து பர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினாயாம். சர்வீஸ் ரோட்டில் பைக் ஓட்டிக்கொண்டு போகும்போது மயங்கி விழுந்துவிட்டாயாம். இதயம் நின்றுவிட்டதாம். எல்லோரும் ஒரே வாக்கியத்தை, ஒரே வரிசையில் சொன்னார்கள். எனக்கு முதலில் உறுத்தியது அதுதான். ஒரு சாவைப் பத்து பேர் சொன்னால் பத்து விதமாகத்தானே சொல்வார்கள்?

மறுநாள் எங்கள் டீம் ஆட்கள் ஒரு லோடு வண்டி பிடித்து உன் வீட்டுக்கு வந்தோம். வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாசலில் உன் லேபர் காண்ட்ராக்டரின் ஆட்கள் நாலைந்து பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டில் அவ்வளவு மரியாதையாக ஆள் காவல் இருப்பதை நான் பார்த்ததில்லை. யார் உள்ளே போனாலும் ஒருவன் கூடவே வருகிறான். யார் உன் சம்சாரம் ரேவதியிடம் பேசினாலும் அவன் பதில் சொல்கிறான்.

ரேவதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க பிள்ளைப்பாக்கம் தானே? அவர எப்பப் பாத்தாலும் திட்டுவீங்களாமே. இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?"

"திட்டறதுக்கு ஆள் இல்லாம போச்சேம்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

அவள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். உன் மகள் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கூடவே வந்த ஆள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் காபி டம்ளரை நீட்டினான்.

வெளியே வந்தபோதுதான் உன் பைக்கைப் பார்த்தேன். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், சைடு ஸ்டாண்டு போட்டு நின்றது. ஓடுகிற வண்டியோடு விழுந்தவன் வண்டி. ஹேண்டில் முனையில் ஒன்றுமில்லை. இண்டிகேட்டர் முழுசாக இருக்கிறது. சைலன்சரில் வெயில் பளபளக்கிறது. நான் மோகனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் பிள்ளைப்பாக்கத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறவர். ஷூ லேஸ் கட்டுவது போல் குனிந்து, ஃபுட்ரெஸ்ட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது கீழ விழுந்த வண்டியே இல்ல செல்வி" என்றார், உதடு அசையாமல்.

"அப்போ?"

"அப்போ இன்னா. வாயை மூடிகினு வண்டியில ஏறு."

வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ரோட்டில் விழுந்திருந்தால் அது உன் விதி, யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். கம்பெனிக்குள்ளே வேலை நேரத்தில் விழுந்திருந்தால் கேள்வி வரும். அந்த ஷெட்டில் காற்று வந்ததா, எத்தனை நேரம் நிற்க வைத்தீர்கள், ஆம்புலன்ஸ் எங்கே என்றெல்லாம் வரும். பிரேதப் பரிசோதனையில் இதயம் நின்றதென்று சொன்னார்கள். எங்கே நின்றதென்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாதே, தேவா.

உங்கள் டீம் மேலும் எனக்குச் சந்தேகம்தான். பாதிப் பேர் அதே காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறவர்கள். உன் கேப்டன் ஜான்சன் கம்பெனியில் உன் லைனில், உன் பக்கத்து மெஷினிலேயே நிற்கிறவர். கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் எதிர்ப் பக்கம் போய்விட்டார். மைதானத்தில் மோகனோடு முட்டிக்கொண்டு நிற்கிற மனுஷன், என்னைப் பார்த்து ஏன் ஒதுங்க வேண்டும்?

பதினாறு முடிவதற்குள் பேனர் வைத்துவிட்டார்கள். 'தேவா நினைவுக் கோப்பை'. உன் படத்தைவிடக் காண்ட்ராக்டர் படம் பெரிதாக இருந்தது. எதிர் டீமாக ஆட எங்களையே கூப்பிட்டார்கள். எங்கள் ஆட்களுக்குள் ஒரே வாக்குவாதம். "நாம போனா அவனுக்கு நல்ல பேரு. போகலன்னா தேவாவுக்கு அவமானம்." கடைசியில் மோகன் சொன்னார்: "அந்தப் பையனுக்காக ஆடலாம். எவன் கூப்ட்டான்றது அப்புறம்."

அன்றைக்கு நாங்கள் யாரும் மேளம் கொண்டு வரவில்லை. உன் பத்தாம் நம்பர் மஞ்சள் ஜெர்சியைப் போல ஒன்றை எங்கள் பையன்கள் தைத்துக்கொண்டு வந்து, எங்கள் பக்கத்துக் கயிற்றில் கட்டினார்கள். பிள்ளைப்பாக்கம் பக்கம் மஞ்சள் தொங்கியது அதுதான் முதல் தடவை. ரேவதியை முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் காண்ட்ராக்டர் ஆட்கள்.

ஹாஃப் டைமில் தண்ணீர் கேன் இருந்த இடத்தில் ஒரு ஆள் என் பக்கத்தில் வந்து நின்றார். தெக்கத்திப் பேச்சு. உன்னோடு வேலை செய்கிறவராம்.

"யக்கா, நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிராதீய. அந்த அண்ணன் ரோட்டுல விழல."

"பின்ன எங்க?"

"அவ்ளோதாங்க்கா சொல்லுவேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்லா."

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். இவரே அவர்கள் அனுப்பிய ஆளாக இருந்தால்? எங்களைக் கத்த வைத்து, சண்டைக்காரர்கள் என்று விரட்டப் பார்க்கிறார்களோ? மோகனிடம் சொன்னேன். அவர் கிளவுஸை மாட்டிக்கொண்டே, "நம்ம கைல இன்னா கீது? ஒரு பைக்கும் ஒரு பேச்சும்" என்றார்.

நாங்கள் ஜெயித்தோம், தேவா. ஒரே ஒரு கோல். எத்தனையோ வருஷமாக நாங்கள் ஏங்கிய வெற்றி. ஒருத்தர்கூடக் கத்தவில்லை.

கோப்பையைக் கொடுக்கக் காண்ட்ராக்டர் எழுந்தார். மைக்கில், "எதிரி டீமா இருந்தாலும் வந்தீங்களே, பெரிய மனசு" என்றார். மோகன் போய் எதிரே நின்றார். கையை நீட்டவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். தேவா எங்க விழுந்தான்?"

மைக் பக்கத்திலேயே இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது.

"இன்னாப்பா இது, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. சர்வீஸ் ரோட்ல."

"யாரு பாத்தாங்க?"

காண்ட்ராக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. திரும்பி உன் கேப்டனைப் பார்த்தார். "ஜான்சா, நீயே சொல்லுப்பா இவங்களுக்கு."

ஜான்சன் முன்னால் வந்தார். உண்மையைச் சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"லைன்லதான் சார் விழுந்தான்" என்றார் ஜான்சன். "என் பக்கத்துலதான். தண்ணி கேட்டான்."

ரேவதி எழுந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவன் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தான். உதறினாள்.

"தண்ணி குடுத்தீங்களாண்ணா?"

"மொண்டுகினு வரதுக்குள்ள வேன்ல தூக்கிப் போட்டுகினு போய்ட்டாங்கம்மா. வண்டிய அப்புறமா வேற ஆளு ஓட்டிகினு வந்து வுட்டான்."

அதற்குப் பிறகு மைதானத்தில் நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டுமா? மைக்கைப் பிடுங்கினார்கள், நாற்காலிகள் கவிழ்ந்தன, கார் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ரேவதி மட்டும் கத்தவில்லை. நாங்கள் கட்டியிருந்த மஞ்சள் ஜெர்சிக்குக் கீழே வந்து, மகளோடு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இப்போதைய சேதி இதுதான். ஜான்சனுக்கு மறுநாளே ஷிஃப்ட் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். அவர் இப்போது மோகனின் கடையில் பஞ்சர் ஒட்டுகிறார். மோசமாக ஒட்டுகிறார். போலீசில் புதுப் புகார் கொடுத்தோம். ஜான்சன் சாட்சி சொல்லியிருக்கிறார். அந்தத் தெக்கத்தி ஆளும் ஒருநாள் தானாக வந்து, "நானும் சொல்லுதேன்" என்றார். காண்ட்ராக்டர் தரப்பு இன்னும் ரோட்டில்தான் விழுந்தாய் என்கிறது. விசாரிக்கிற அதிகாரி ரொம்ப இனிமையாகப் பேசுகிறார். அந்த இனிமையையும் நான் நம்பவில்லை. உன் வீட்டுப் பக்கம் அடிக்கடி ஒரு வெள்ளைக் கார் மெதுவாகப் போகிறதாம். யாருடையது? வழி தவறி வருகிற காரா? தினமுமா வழி தவறும்?

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். காலையிலேயே உடம்பு முடியவில்லையா? யாரிடமாவது சொன்னாயா? சொல்லியும் நிற்க வைத்தார்களா? ஜான்சனிடம் கேட்டேன். அவர் பாதி சொல்லி நிறுத்திவிட்டார். மீதியை விசாரணையில் சொல்கிறேன் என்கிறார். சொல்வாரா?

வருகிற திங்கட்கிழமை ரேவதியை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். லோடு வண்டி சொல்லியாகிவிட்டது. எங்கள் ஆட்கள், உங்கள் ஆட்கள், எல்லாரும் ஒரே வண்டியில். உங்கள் ஆட்களை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை, சொல்லிவிட்டேன். எவன் பாதி வழியில் இறங்குகிறான் என்று பார்ப்பதற்காகவே பின்னால் கடைசியில் உட்காரப்போகிறேன். ஆனால் ஒன்று உறுதி, தம்பி. யார் இறங்கினாலும், எத்தனை முறை வரச் சொன்னாலும், ரேவதி ஒருநாளும் தனியாக அந்தப் படி ஏறமாட்டாள்.

உடன் பிறக்காத, எதிர்ப் பக்கத்து
உன் அக்கா,
பிள்ளைப்பாக்கம் செல்வி