நீ வேண்டாமென்று சொன்ன நீளப் பிடி

என் அன்பு மச்சான் குணத்துக்கு,

உன் ஆண்டுத் திவசத்துக்குப் போடுகிற நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லி உன் தங்கச்சி ராணி ஒரு கிழமையாய் என் உயிரை எடுக்கிறாள். "அண்ணையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுங்கோப்பா" என்கிறாள். நல்ல வார்த்தைதான் மச்சான் வரமாட்டேன் என்கிறது. உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதைச் சொல்லாமல் ஒரு வரி எழுதவும் என்னால் ஏலாது.

நீ போனதில் இருந்து நான் ஆற்றுப் பக்கம் போகவில்லை. நாலாம் மாடி, சோபா, யன்னல், திரும்பவும் சோபா. யன்னலால் எட்டிப் பார்த்தால் இந்த ஜெர்மன் ஊரின் மைன் ஆற்றில் ஒரு துண்டு தெரியும் என்று திரைச்சீலையையும் இழுத்து மூடிவிட்டேன். ராணி வேலையால் வந்து விளக்கைப் போட்டுவிட்டு, "மனுசர் இருக்கிற வீடு மாதிரியோ கிடக்கு?" என்று ஏசுவாள்.

இதை வாசிக்கிற ஆட்களுக்காகச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்த கதைதான். தொழிற்சாலை இயந்திரம் என் வலக்கை விரல்களைக் கொண்டுபோனபோது, மீன் பிடிக்கிற அனுமதிக் கடதாசி, அதுதான் அந்த அங்கெல்ஷைன், என்னிடம் இருந்தது. பிடிக்கக் கை இல்லை. உனக்கு இரண்டு கையும் இருந்தன. ஆனால் அந்தக் கடதாசிக்கு எழுதவேண்டிய ஜெர்மன் சோதனைத் தாளைக் கண்டாலே உனக்குத் தலை சுற்றும். ஆகவே இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளானோம். நான் மீன் பிடிப்பதுபோல் நிற்பேன், நீ உதவிக்கு நிற்பதுபோல் எல்லாவற்றையும் செய்வாய்.

கடதாசி பார்க்கிற கொன்றோல்காரன் வந்த அன்று தூண்டில் தடியை என் இடக்கையில் திணித்துவிட்டு, குனிந்து சப்பாத்து நூல் கட்டினாயே! அன்றைக்கு உன் காலில் கிடந்தது செருப்பு. மனுசன் உன் காலைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், நல்ல நாளாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். பதினொரு வருஷம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போயின.

போன மாதம் ராணி என்னைத் தூண்டில் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "பிறந்தநாளுக்கு ஒரு தடி வாங்கித் தாறன், எழும்பி வெளியில போங்கோ" என்றாள். அங்கே நாங்கள் கேட்கிற பிடியைப் பூட்டித் தருவார்கள். கடைக்காரப் பெண் மூன்று மாதிரியை மேசையில் வைத்தாள். ஒன்று கட்டைப் பிடி, ஒரு கை அளவு. மற்றது நடுவில் இடைவெளி விட்டு இரண்டு துண்டுத் தக்கைப் பிடி, பாரம் குறைவு. மூன்றாவது, முழங்கையும் தாண்டிப் போகிற ஒரே நீளத் தக்கைப் பிடி. நான் யோசிக்காமல் கட்டைப் பிடியை எடுத்தேன். எங்களுடைய பழைய தடி அந்த மாதிரித்தானே.

"அதை எடுத்து என்னப்பா செய்யப் போறியள்? ஆர் எறியிறது?" என்றாள் ராணி. சொன்ன கையோடு போனைச் சாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கடைக்காரப் பெண் என் கையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் நீளப் பிடியைத் தந்து, "இடக்கையால் எறியுங்கள். பிறகு பிடியை வலது கக்கத்துக்குள் வைத்து நெரித்துக்கொண்டு, இடக்கையால் நூல் றீலைச் சுற்றுங்கள்" என்றாள். வைத்தேன். தடி அசையவில்லை. சுற்றினேன். சுற்றியது மச்சான்! கடை நடுவில், தண்ணீரும் இல்லை, மீனும் இல்லை, விசரன்போல் நான் தனியாகச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள். "இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் நாட்டுக்காரர் ஒருவர் வந்து, தங்கையின் கணவருக்கென்று இதே பிடியைக் கேட்டார். அளவும் தந்தார்." கொப்பியைப் புரட்டிக் காட்டினாள். உன் பெயர், என் கை அளவு, அதை வெட்டி மேலே ஒரு கோடு. "அடுத்த நாளே வந்து வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். சிரித்தார்."

அந்த அளவை எப்போது எடுத்தாய் என்றும் எனக்கு விளங்கியது. பொங்கலுக்குச் சட்டை தைப்பிக்கிறேன் என்று என் வலது கக்கத்தில் நாடாவைப் பிடித்தாயே. "இதென்ன கோதாரி, ஒரு கைக்கு மட்டும் சட்டையோ?" என்று கேட்டேன். "பேசாமல் நில்லடா" என்றாய். சட்டை வரவேயில்லை, நானும் கேட்கவில்லை.

ஏன்டா? அந்தப் பிடி வந்தால் நான் தனியாக நின்றுவிடுவேன், பிறகு உனக்கு அங்கே என்ன வேலை என்று பயந்தாயா? உன் ஒற்றை அறைக்குள் ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது என்று யோசித்தாயா? உன்னை வராதே என்று நான் சொல்லியிருப்பேனா? வீட்டுக்கு வந்து, மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். ராணி குசினிக்குள் இருந்து, "ஆரோடை கதைக்கிறியள்?" என்றாள். றேடியோ என்றேன்.

ஏசி முடிந்து மூச்சு வாங்கும்போதுதான் என் திருட்டு நினைவுக்கு வந்தது. அந்தச் சோதனைக்கு ஒரு கேள்விப் புத்தகம் இருந்ததே, அதை நீ எத்தனை தரம் கேட்டாய்? "அது பழசு, கேள்வியெல்லாம் மாத்திப்போட்டாங்கள். உனக்கு உது சரிவராது மச்சான்" என்றேன். பச்சைப் பொய். புத்தகம் என் அலுமாரியில், சேட்டுகளுக்குக் கீழே கிடக்கிறது. விடைகளுக்குப் பக்கத்தில் தமிழில் நானே எழுதிய குறிப்பும் இருக்கிறது. ஒரு மாதம் உன்னோடு இருந்து படிப்பித்திருந்தால் நீ சித்தியடைந்திருப்பாய். பிறகு என் கடதாசி உனக்கு எதற்கு? இரண்டு கையும் உள்ள ஆள் ஒருவனோடு போய்விடுவாய் என்று பயந்தேன். உன்னை நான் அடைத்து வைத்தேன், என்னை நீ அடைத்து வைத்தாய். நீ உயிரோடு இருக்கும்போது இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

நேற்றுக் கடைக்குப் போன் எடுத்தேன். நீளப் பிடி என்று சொன்னேன். திரும்ப அளவெடுக்கத் தேவையில்லை, கொப்பியில் கோடு போட்டிருக்கிறதே, அதே அளவு என்றேன். இந்தக் கடிதத்தை ராணியிடம் கொடுக்கப்போகிறேன். மலரில் போடுகிறாளோ, கிழித்துப் போடுகிறாளோ, அது அவள் விருப்பம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போவேன். தடி கக்கத்துக்குள் நிற்கும், கை சுற்றும், எல்லாம் சரியாக நடக்கும். அதுதான் மச்சான் எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லாம் சரியாக நடந்தால், நீ இல்லாமலும் முடியும் என்றாகிவிடுமே.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். நீயும் என்னை மன்னிக்காதே. ஒவ்வொரு ஞாயிறும் வந்து, தூண்டிலைப் போட்டுவிட்டு, உன்னை ஏசுவேன். இந்தச் சண்டை முடிந்தால் உன்னோடு கதைக்க எனக்கு வேறு என்ன இருக்கிறது?

இன்னும் கோபம் ஆறாத,
உன் தங்கச்சி புருசன், உன் மச்சான்
தேவன்