ஊர்ப் பெயரைப் போடச் சொல்லப் போகிறேன்

அன்பு மகன் ரஜிதனுக்கு,

பிள்ளையார் கிருபையால் இங்கு நாங்கள் எழும்பி நடமாடிக்கொண்டு இருக்கிறோம், பிரான்சுக் குளிருக்குள் நீயும் குடும்பமும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். என் கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது, மனந்தான் சரியில்லை. உன் அக்கா சுமித்திரா என்னோடு கதைப்பதில்லை, சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுப் போகிறாள். எங்கள் ஊரில் என்னைப் போல சிறுநீரக வருத்தக்காரர் ஏன் இத்தனை பேர் என்று ஆராய, பல்கலைக்கழகத்திலிருந்து நிறஞ்சனா என்ற டொக்டர் பிள்ளை வந்திருக்கிறா. சண்டை முடிந்து நாங்கள் மீளக்குடியேறிய புதிதில் இப்படி ஆராய வந்தவர்களை நான் மறக்கவில்லை, இரத்தமும் கிணற்றுத் தண்ணீரும் போத்தலில் எடுத்து, நான் வெட்டிக் கொடுத்த இளநீரையும் குடித்து, முடிவு வரும் என்று சொல்லிப் போனவர்கள் போனவர்கள்தான், அவர்களில் கண்ணாடி போட்டிருந்தவனை இன்று கண்டாலும் மறித்துக் கேட்பேன். இந்தப் பிள்ளை அப்படியில்லை. "அம்மா, எதைத் தேடவேணும், முடிவை ஆருக்குச் சொல்லவேணும் எண்டு வருத்தக்காரர் நீங்களும் எங்களோடை இருந்து தீர்மானிக்கவேணும்" என்று என்னையும் என்னைப் போல வருத்தக்காரரான ஐயாத்துரை அண்ணையையும் கூட்டத்தில் சேர்த்திருக்கிறா. "முந்தி மூத்திரத்தை மட்டும் கேட்டவை, இப்ப மூளையையும் கேக்கினம்" என்று அண்ணை சொல்ல டொக்டர்மாரே சிரித்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் எந்தக் கிணற்றில் குடிக்கலாம் என்று முதலில் பாருங்கோ என்றேன், எழுதிக்கொண்டார்கள்.

பிறகுதான் வில்லங்கம். அறிக்கையில் ஊரின் பெயரைப் போடுவதா, ஒரு கிராமம் என்று மட்டும் எழுதுவதா என்று நிறஞ்சனா எங்களைக் கேட்டா. பெயர் இல்லாவிட்டால் எந்த ஊருக்கென்று குழாய்த் தண்ணீர் கேட்பது? போட்டால் இங்கே ஒருவரும் பெண் எடுக்க மாட்டார்களாம். "உங்கட வாயாலை அனோஜான்ர கலியாணத்தைக் குழப்பாதேங்கோ" என்று அக்கா தன் மகளுக்காகக் குசினிக்குள் நின்று அழுதாள். ஐயாத்துரை அண்ணையோ முடிவை என் தலையில் விட்டுவிட்டார்.

மகன், அங்கே அனோஜாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம் அம்மாவுக்குச் சீனி வருத்தம் மட்டும் என்று நீ சொன்னது எனக்குத் தெரியும், அதையும் மறக்கமாட்டேன். அடுத்த மாதக் கூட்டத்தில் பெயரைப் போடச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் உள்ளதை நீயே அவர்களுக்குச் சொல்லிவிடு. விலகினால் விலகட்டும், ஏச்சை நான் வாங்குகிறேன். அனோஜாவும் எங்கள் கிணற்றில் குடித்து வளர்ந்தவள், அவளுடைய இரத்தத்தைச் சோதிக்க அக்கா விடுகிறாள் இல்லை, ஏதும் இருந்து வெளியில் தெரிந்தால் சம்பந்தம் போய்விடுமாம். நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ எடுத்துச் சொல். எனக்கு முற்றிய பிறகுதான் தெரிந்தது, அந்தப் பிள்ளைக்கும் அப்படித் தெரியவேண்டாம்.

பிள்ளையார் உங்கள் எல்லோரையும் காப்பார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. எனக்கு எடுக்க முதல் அக்காவுக்குப் போன் எடு.

உன் அம்மா,
விமலேஸ்வரி