யூதாசைப் பற்றி நான் பேசியது

அன்புள்ள அப்பாவுக்கு, கோத்தியே வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

பாரிஸில் எங்கள் வேதப் பள்ளியில் போன வாரம் நடந்த வாதத்தில் வென்றேன். இயேசுவைக் காட்டிக்கொடுத்ததைவிட, நம்பிக்கையிழந்து தன் உயிரை மாய்த்துக்கொண்டதே யூதாசின் பெரிய பாவம் என்றேன். எனக்கு அறை கொடுத்திருக்கும் விதவை ஓதலீனிடமும் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

"அப்படிச் செத்தவங்களைக் கோயில் மண்ணுல புதைக்கக் கூடாதா, தம்பி?"

"கூடவே கூடாது. புதைச்சிருந்தாலும் தோண்டி எடுத்துடணும்."

அவர் கணவர் லம்பேர் ஆற்றில் தவறி விழுந்து இறந்தார் என்றுதான் ஊரில் பேச்சு; கோயில் மண்ணில்தான் புதைத்திருக்கிறார்கள். ஓதலீன் என் காலைப் பார்த்தார். குளிருக்கு அவர் எனக்குக் கொடுத்த, லம்பேருடைய பழைய காலணியைத்தான் போட்டிருந்தேன்.

"இந்தச் செருப்பைக் கரையில ஒழுங்கா கழட்டி வச்சிட்டுதான் போனாரு. யாரும் பாக்கறதுக்குள்ள நான் எடுத்துட்டேன். சாமியார்கிட்ட சொல்லிடுவியா?"

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அதை எழுதவே கூசுகிறது.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டாம். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பச் சொல்லுங்கள். வண்டிக்காரர் கடிதத்துக்குக் காத்திருக்கிறார். நம் கோயிலில் லம்பேருக்காக ஒரு பூசை வையுங்கள். எப்படி இறந்தார் என்று சாமியார் கேட்டால், என் மகனுக்குத் தெரியாது என்று சொல்லுங்கள்.

கோத்தியே