வட்டத்தைச் சுற்றி நாற்காலிகள்

ஆகஸ்ட் 19
இன்று எங்கள் இனத்தார் கூட்டத்தில் வெர்னா அத்தை கேட்டார்: "செப்டம்பர் விழாவ ஆரம்பிச்சு வைக்க, நம்ம பாஷையில நாலு வார்த்தை பேச யாராச்சும் இருக்கீங்களா?"
நான் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. கையிலிருந்த காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அமெரிக்கப் பூர்வகுடியான எங்களின் நான்டிகோக் மொழியைப் பேசிய கடைசி மனுஷி போய் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது. மிஞ்சியது, வெளியார் ஒருவர் எழுதிவைத்த சொற்பட்டியல். அது முழுக்க எனக்கு மனப்பாடம். பிறகு ஏன் வாய் திறக்கவில்லை?

ஆகஸ்ட் 20
ஏன் என்று தெரியும். "நாங்க நான்டிகோக்" என்று எங்கள் வீட்டில் வெளியாரிடம் சொன்னதே இல்லை. தெரிந்தால் ஊரைவிட்டே துரத்திவிடுவார்கள் என்ற தாத்தா காலத்துப் பயம். விழா நாளில் அப்பா வயல் வாசலில் நின்று கார்களுக்கு இடம் காட்டுவார், மேளமும் ஆட்டமும் நடக்கும் வட்டத்துக்குள் வரமாட்டார். மற்றவர்கள் விடிந்ததுமே மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து வட்டத்தைச் சுற்றிப் போட்டு இடம் பிடிப்பார்கள். எங்கள் நாற்காலி அங்கே இருந்ததே இல்லை.

ஆகஸ்ட் 27
மாட்டிக்கொண்டேன்! படகுத்துறையில் எங்கள் படகிலிருந்து நண்டுகளைக் கூடையில் போட்டபடி நம் பாஷையில் எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னால் அப்பா.
"நண்டுக்குப் பாடம் நடத்துறியா?"
நான் கூடையின் மூடியைச் சாத்தினேன்.
"ஏன் நிறுத்திட்ட? கூடை இன்னும் ரொம்பலியே."

ஆகஸ்ட் 28
அப்பா அத்தையிடம் சொல்லிவிட்டார்! போனில் அத்தை கத்துகிறார்: "அடி கள்ளி, அத்தனை வார்த்தையையும் வயித்துக்குள்ள வச்சிக்கிட்டு அன்னைக்குக் காப்பியவா முறைச்சுக்கிட்டிருந்த?"
விழாவில் பேசப்போவது நான். பயமாக இருக்கிறது. சிரிப்பும் வருகிறது.

செப்டம்பர் 4
ஒத்திகை. பட்டியலில் இருப்பது தனித்தனிச் சொற்கள்தான்; வாக்கியம் கட்டப் பயம். அதனால் சூரியன், ஆறு, சோளம், குழந்தை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கப்போகிறேன்.
"யார்கிட்ட ரகசியம் சொல்ற? ஒளிஞ்சு ஒளிஞ்சே நம்ம தொண்டை சுருங்கிப்போச்சு. சத்தமா சொல்லு புள்ள!" என்றார் அத்தை.

செப்டம்பர் 6
நாளை. படுத்தபடியே எல்லாச் சொல்லையும் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன்.

செப்டம்பர் 7
மேளம் நின்றது. மைக்கை வாங்கி, முதல் சொல்லை — வழக்கம்போல — முணுமுணுத்தேன்.
கார் வரிசைக்கு அப்பாலிருந்து ஒரு குரல்: "கேக்கல!"
அப்பா. அத்தனை வெளியார் நடுவில்!
வட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் கத்தினேன் — சூரியன்! ஆறு! சோளம்! ஒவ்வொரு சொல்லையும் கூட்டம் திருப்பிச் சொன்னது. நூற்றைம்பது வருஷமாகக் கேட்காத சத்தம்... என் காதில் இன்னும் அடங்கவில்லை.

செப்டம்பர் 8
விழாவின் இரண்டாம் நாள். காலை ஏழுக்குப் போனேன். முதல் வரிசையில் எங்கள் படகின் பச்சை நாற்காலி, கைப்பக்கம் கிழிந்தது. அப்பா அதில் உட்கார்ந்திருந்தார். கார்களுக்கு வேறு யாரோ இடம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.